முரசு ஒலிக்கும்போது

பின்வரும் கட்டுரையை வாசித்துப் புரிந்துகொள்க. தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு விடை காண்க.

சபா மாநிலத்திற்கு ஒரு செல்லப் பெயர் உண்டு. 'காற்றுக்குக் கீழுள்ள நாடு' என்பதே அப்பெயர். தென்சீனக் கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் பெரும் சூறாவளிகள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே அம்மாநிலம் அமைந்திருக்கிறது. அதனால் அப்பெயர் ஏற்பட்டது. பெரும்புயல் இங்கு வராது என்ற நம்பிக்கையும் அந்தப் பெயருக்குள் அடங்கியிருந்தது.

1996ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் நாளை ஒட்டிய இரவில் அந்த நம்பிக்கை உடைந்தது. 'கிரெக்' என்று பெயரிடப்பட்ட புயல் சபாவின் மேற்குக் கரையைக் கடந்தது. கனமழை மலைச்சரிவுகளில் கொட்டியது. கெனிங்காவ் வட்டாரத்தில் சேறும் மரக்கட்டைகளும் கலந்த வெள்ளம் ஊர்களுக்குள் பாய்ந்தது. 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிரெக் மிக வலிமையான புயல் அன்று. பெயர் சூட்டப்படும் புயல்களில் ஆகக் கீழ்நிலையைச் சேர்ந்தது அது. அப்படியிருந்தும் அவ்வளவு உயிர்களை அது பறித்தது. அப்படியானால், புயலை வகைப்படுத்துவதன் பொருள் என்ன? அதற்குப் பெயர் சூட்டுவதன் பயன் என்ன? உண்மையில் மனித உயிரைக் காப்பது எது? இம்மூன்று கேள்விகளுக்கும் இக்கட்டுரையில் விடை தேடுவோம்.

புயல் பிறக்கும் விதம்

வெப்பமண்டலப் புயல் கடலில் பிறக்கிறது. அதற்கு வேண்டிய எரிபொருள் வெதுவெதுப்பான நீர். கடல்நீரின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சூடாகும்போது நீர் பெருமளவில் ஆவியாகிறது. ஈரப்பதம் நிறைந்த காற்று மேலே எழுகிறது. உயரத்தில் அது குளிர்ந்து மேகமாகும்போது, தன்னுள் அடக்கி வைத்திருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பத்தால் காற்று மேலும் வேகமாக எழுகிறது. இதனால் கடற்பரப்பில் காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்பச் சுற்றிலுமுள்ள காற்று விரைந்து வருகிறது.

விரைந்து வரும் காற்று நேர்க்கோட்டில் வருவதில்லை. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் காற்றின் பாதை வளைகிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றன. தெற்கே கடிகார முள் சுற்றும் திசையிலேயே சுழல்கின்றன. ஆனால், நிலநடுக்கோட்டில் இந்தத் திருப்பும் விளைவு இல்லை. எனவே, பெரும்பாலான புயல்கள் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்கு அப்பாலேயே உருவாகின்றன. சிங்கப்பூரையும் தீபகற்ப மலேசியாவின் தென்பகுதியையும் புயல் அரிதாகவே நெருங்குவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

நன்கு வளர்ந்த புயலின் நடுவில் 'கண்' என்னும் அமைதியான பகுதி இருக்கும். அதனைச் சூழ்ந்துள்ள மேகச் சுவரில்தான் காற்று மிகக் கடுமையாக வீசும். புயலின் கண் ஓர் ஊரின்மேல் கடக்கும்போது காற்று ஓய்ந்து, சில வேளைகளில் வானமும் வெளுத்துவிடும். ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணி வெளியே வந்தவர்கள் பலர் உண்டு. ஆனால், சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று மீண்டும் தாக்கும். புயல் கடந்துவிட்டதாக அதிகாரிகள் அறிவிக்கும்வரை வெளியே வரக்கூடாது என்று சொல்லப்படுவதன் காரணம் இதுதான்.

புயல் கரையேறிய பிறகு கடல்நீர் என்னும் எரிபொருள் கிடைப்பதில்லை. எனவே, அது படிப்படியாக வலுவிழக்கிறது. ஆயினும், அது சுமந்து வந்த மழை நின்றுவிடுவதில்லை.

இடத்துக்கு இடம் மாறும் சொல்

ஒரே வகையான இயற்கை நிகழ்வை உலகின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு சொற்களால் குறிக்கின்றனர். வடமேற்குப் பசிபிக் பகுதியில் அதனைத் 'டைபூன்' என்பர். அட்லாண்டிக் பெருங்கடலிலும் வடகிழக்குப் பசிபிக்கிலும் 'ஹரிக்கேன்' என்பர். இந்தியப் பெருங்கடலிலும் தென்பசிபிக்கிலும் 'சைக்ளோன்' என்பர். மூன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையே.

தமிழிலும் இந்த வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டுச் செய்திகளில் 'புயல்' என்ற சொல்லே மிகுதியாக வழங்குகிறது. மலேசியாவிலும் இலங்கையிலும் 'சூறாவளி' என்ற சொல்லையும் அடிக்கடி கேட்கிறோம். எந்தச் சொல்லைக் கேட்டாலும் அது எதைக் குறிக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வகைப்படுத்துதல்: காற்றின் வேகமே அளவுகோல்

புயலை வகைப்படுத்த வானிலை ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முதன்மையான அளவுகோல் காற்றின் வேகம். வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் உருவாகும் புயல்களை இந்திய வானிலை ஆய்வுத் துறை பின்வருமாறு வகைப்படுத்துகிறது. இவை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்று நிலையாக வீசுகிறது என்பதைக் காட்டும் அளவுகள்:

31 முதல் 49 வரை – தாழ்வு மண்டலம்
50 முதல் 61 வரை – ஆழ்ந்த தாழ்வு மண்டலம்
62 முதல் 88 வரை – புயல்
89 முதல் 117 வரை – தீவிரப் புயல்
118 முதல் 166 வரை – மிகத் தீவிரப் புயல்
167 முதல் 221 வரை – அதிதீவிரப் புயல்
222உம் அதற்கு மேலும் – சூப்பர் புயல்

வடமேற்குப் பசிபிக்கிலும் தென்சீனக் கடலிலும் உருவாகும் புயல்களைத் தோக்கியோவிலுள்ள ஜப்பான் வானிலை ஆய்வு நிலையம் கண்காணிக்கிறது. அங்கும் 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய பிறகே ஒரு புயலுக்குப் பெயர் கிடைக்கிறது. 118 கிலோமீட்டரை எட்டினால் அது 'டைபூன்' ஆகிறது. அமெரிக்காவில் 119 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஹரிக்கேன்களை ஒன்று முதல் ஐந்து வரையிலான படிநிலைகளாகப் பிரிக்கின்றனர்.

ஒரு புயலின் வேகம் இருமடங்கானால் அதன் தாக்கமும் இருமடங்குதான் என்று நினைத்துவிடக் கூடாது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்கிறது. 60 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சுவரைத் தள்ளும் விசையைவிட, 120 கிலோமீட்டர் வேகக் காற்று நான்கு மடங்கு விசையோடு அதே சுவரைத் தள்ளும். படிநிலை ஒன்று கூடும்போது சேதம் பல மடங்காவது இதனால்தான்.

இவ்வளவு தெளிவான அளவுகோல் இருந்தும், ஒரே புயலை இரு நிலையங்கள் இரு வகையாகக் குறிப்பிட்டதுண்டு. அதற்குச் சான்று நம் வாசலிலேயே இருக்கிறது.

2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் 'வாமெய்' என்ற புயல் ஜோகூரின் தென்கிழக்குக் கரையைக் கடந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 1.5 பாகை வடக்கே அது உருவானது. பாடநூல்களில் சொல்லப்பட்ட ஐந்து பாகை என்ற பொதுவிதியை அது மீறியது. அப்போது வலுவான வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் குறுகிய பகுதிக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. போர்னியோவின் அருகே உருவாகும் காற்றுச் சுழல் ஒன்றும் அங்கு நகர்ந்து வந்திருந்தது. இரண்டும் சேர்ந்தே அந்தப் புயலை உருவாக்கின என்று ஆய்வாளர்கள் விளக்கினர். இத்தகைய நிகழ்வு நூறு முதல் நானூறு ஆண்டுகளுக்கு ஒருமுறையே நேரக்கூடும் என்றும் அவர்கள் கணித்தனர். ஜோகூரிலும் பகாங்கிலும் வெள்ளம் ஏற்பட்டது. மண்சரிவும் உயிர்ச்சேதமும் நேர்ந்தன. சிங்கப்பூரிலும் கனமழை பெய்தது.

வாமெய்யை ஜப்பான் நிலையம் பெயர்பெற்ற புயல்களுள் கீழ்நிலையில் வைத்தது. அமெரிக்கக் கடற்படையின் நிலையமோ அதனை டைபூன் என வகைப்படுத்தியது. புயலின் நடுப்பகுதிக்கு அருகே சென்ற கப்பல்கள் மிகக் கடுமையான காற்றைப் பதிவு செய்திருந்ததும் அதற்குக் காரணம். அதோடு, இரு நிலையங்களும் வேகத்தைக் கணக்கிடும் முறையும் வேறு. ஜப்பான் நிலையம் பத்து நிமிடச் சராசரியை எடுக்கிறது. அமெரிக்க நிலையம் ஒரு நிமிடச் சராசரியை எடுக்கிறது. இந்திய நிலையம் மூன்று நிமிடச் சராசரியை எடுக்கிறது. ஓட்டப்பந்தய வீரரின் வேகத்தை ஒரு நிமிடத்திற்கு மட்டும் கணக்கிட்டால் ஒரு விடை வரும். பத்து நிமிடத்திற்குக் கணக்கிட்டால் அதைவிடக் குறைவான விடை வரும் அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

இங்கு நாம் அறிய வேண்டியது ஒன்று. வகைப்பாடு காற்றை அளக்கிறது, நீரை அளப்பதில்லை. ஆனால், பல புயல்களில் மிகுதியான உயிர்களைப் பறிப்பது நீரே. அது மழைவெள்ளமாக வரலாம், மண்சரிவாக வரலாம், கடல் பொங்கியும் வரலாம். ஆகவே, 'இது சிறிய புயல்தானே' என்று எண்ணுவது தவறு. சபாவைத் தாக்கிய கிரெக் இந்தப் பாடத்தையே நமக்குக் கற்பித்தது.

பெயர்சூட்டும் முறை

புயலுக்குப் பெயர் எதற்கு? ஒரே நேரத்தில் கடலில் இரண்டு, மூன்று புயல்கள் இருக்கலாம். ஒவ்வொன்றையும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் குறித்தால் வானொலி கேட்கும் மீனவருக்குக் குழப்பமே மிஞ்சும். ஒரு சிறிய பெயர் நினைவில் நிற்கும். வாய்வழியாக விரைந்து பரவும். எந்தப் புயலைப் பற்றிய எச்சரிக்கை என்பதில் ஐயம் எழாது.

புயல் உருவான பிறகு யாரும் அமர்ந்து பெயர் தேடுவதில்லை. பெயர்ப்பட்டியல் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கும். வடமேற்குப் பசிபிக்கிலும் தென்சீனக் கடலிலும் 2000ஆம் ஆண்டு முதல் ஆசியப் பெயர்கள் வழங்கி வருகின்றன. 14 நாடுகளும் வட்டாரங்களும் ஆளுக்குப் பத்துப் பெயர்களை வழங்கியுள்ளன. மொத்தம் 140 பெயர்கள். அவற்றுள் மலேசியா வழங்கிய பெயர்களும் உண்டு. 'ஜெலாவாட்' என்பது ஒரு நன்னீர் மீன். 'நங்கா' என்பது பலா. 'மெர்போக்' என்பது ஒரு வகைப் புறா. 'மெலோர்' என்பது மல்லிகை. பெயரைக் கண்டு புயலின் குணத்தை முடிவு செய்ய முடியாது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் பிலிப்பீன்ஸைத் தாக்கிய டைபூனின் பெயர் மெலோர். மல்லிகையின் மென்மை அதில் இல்லை.

பேரழிவை ஏற்படுத்திய புயலின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். 2002ஆம் ஆண்டு தென்கொரியாவைக் கடுமையாகத் தாக்கிய புயலுக்கு மலேசியா வழங்கிய 'ரூசா' என்ற பெயர் சூட்டப்பட்டிருந்தது. மலாய்மொழியில் அது மானைக் குறிக்கும். அப்பெயர் நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாக ஒரு கிளி இனத்தைக் குறிக்கும் 'நூரி' சேர்க்கப்பட்டது. மக்காவ் வழங்கிய 'வாமெய்' என்ற பாடும் பறவையின் பெயரும் அவ்வாறே நீக்கப்பட்டது.

வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் 2004ஆம் ஆண்டு முதல் பெயர் சூட்டும் வழக்கம் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் எட்டு நாடுகள் பெயர்களை வழங்கின. 2020ஆம் ஆண்டு வெளியான புதிய பட்டியலில் 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர்கள் என 169 பெயர்களை வழங்கியுள்ளன. பெயர் சிறியதாக இருக்கவேண்டும். எளிதில் ஒலிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். எந்தச் சமயத்தையோ இனத்தையோ பண்பாட்டையோ புண்படுத்தக் கூடாது. இவை அங்கு பின்பற்றப்படும் விதிகளுள் சில. 2018ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டின் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்த 'கஜா' புயலுக்குப் பெயர் தந்த நாடு இலங்கை. கஜா என்றால் யானை.

புதிய பட்டியலில் இந்தியா வழங்கிய பெயர்களுள் ஒன்று நம் கவனத்தை ஈர்க்கிறது. அது 'முரசு' என்னும் தமிழ்ச்சொல். பழந்தமிழர் வாழ்வில் முரசு என்பது செய்தி அறிவிக்கும் கருவியாகவும் விளங்கியது. முரசு அறைந்தால் மக்கள் கூடுவர், சொல்லப்படுவதைக் கேட்பர், அதற்கேற்பச் செயல்படுவர். புயலின் பெயரும் ஒரு வகையில் முரசுதான். ஆனால், முரசு ஒலித்தால் மட்டும் போதுமா?

கேட்டும் புரியாத எச்சரிக்கை

2013ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் 'ஹையான்' என்னும் டைபூன் பிலிப்பீன்ஸின் நடுப்பகுதித் தீவுகளைத் தாக்கியது. கரைகடந்த புயல்களுள் உலகிலேயே மிக வலிமையானவற்றுள் அதுவும் ஒன்று. அந்நாட்டு மக்கள் அதனை 'யோலாண்டா' என்று அழைத்தனர். பிலிப்பீன்ஸ் தன் மக்களுக்குப் பழக்கமான தனிப்பெயர்களையும் புயல்களுக்குச் சூட்டும் வழக்கமுடைய நாடு.

ஹையானுக்குப் பெயர் இருந்தது. மிக உயர்ந்த வகைப்பாடும் இருந்தது. எச்சரிக்கையும் முன்கூட்டியே வெளியிடப்பட்டது. பல இலட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பவும்பட்டனர். ஆயினும், 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தக்லோபான் நகரில் காற்றைவிடக் கடல்நீரே பேரழிவை ஏற்படுத்தியது.

பலத்த காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளும்போது கடல்மட்டம் திடீரென உயர்ந்து ஊருக்குள் புகும். இதனைப் 'புயல் அலையேற்றம்' எனலாம். கரையோரக் கடல் ஆழமற்றதாகவும் வளைந்த குடாவாகவும் இருந்தால் நீர்மட்டம் மேலும் உயரும். தக்லோபான் அத்தகைய ஒரு குடாவின் முனையில் அமைந்துள்ளது.

எச்சரிக்கை அறிவிப்பில் அலையேற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கலைச்சொல் இடம்பெற்றிருந்தது. ஆனால், அது எதைக் குறிக்கிறது என்று மக்கள் பலருக்குத் தெரியவில்லை. அங்கு அடிக்கடி புயல் வரும். பெரிய அலைகளையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். எனவே, இதுவும் வழக்கமான ஒன்றுதான் என்று எண்ணி வீட்டிலேயே தங்கியவர்கள் பலர். 'சுனாமியைப் போன்ற நீர் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்' என்ற கருத்தைத் தப்பியவர்கள் பிறகு பலமுறை தெரிவித்தனர். தங்குமிடமாக ஒதுக்கப்பட்ட கட்டடங்கள் சிலவற்றிலும் நீர் புகுந்தது.

அறிவியல் கணிப்பில் பெரிய தவறு இல்லை. அறிவிப்பும் வந்தது. ஆனால், ஒரு சொல் மக்களைச் சென்றடையவில்லை. மொழியைக் கற்கும் நமக்கு இது முக்கியமான பாடம். சொல்பவருக்குப் பொருள் விளங்கினால் போதாது, கேட்பவருக்கும் விளங்கவேண்டும். அப்போதுதான் அது எச்சரிக்கையாகும்.

எச்சரிக்கை செயலாகும்போது

இனி வங்காள விரிகுடாவின் கரைக்கு வருவோம். 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இந்தியாவின் ஒடிசா மாநிலத்தை ஒரு சூப்பர் புயல் தாக்கியது. அக்காலத்தில் அவ்வட்டாரத்தில் பெயர்சூட்டும் வழக்கம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் அலையேற்றத்தில் அடித்துச் செல்லப்பட்டவர்கள். உறுதியான புயல் காப்பகங்கள் அப்போது மிகச் சிலவே இருந்தன. எங்குப் போவது என்பதே மக்களுக்குத் தெரியவில்லை.

அந்தத் துயரத்திலிருந்து ஒடிசா பாடம் கற்றது. அதே ஆண்டில் பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி அமைப்பை உருவாக்கியது. கரையோரங்களில் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்ட காப்பகங்கள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. பல காப்பகங்கள் மற்ற நாள்களில் பள்ளிக்கூடமாகப் பயன்படும். புயல் நாளில் மட்டும் புகலிடமாகும். நாள்தோறும் சென்று பழகிய இடம் என்பதால் அங்குச் செல்ல யாருக்கும் தயக்கம் எழாது. ஊர்தோறும் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்றனர். யார் முதியவர்களை அழைத்து வருவது, யார் சமைப்பது, யார் முதலுதவி செய்வது என்று முன்கூட்டியே பணிகள் பிரிக்கப்பட்டன. ஒத்திகைகளும் நடத்தப்பட்டன.

2013ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் 'பைலின்' புயல் அதே மாநிலத்தின் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. அதற்குள் ஏறத்தாழ ஒரு மில்லியன் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டிருந்தனர். வீடுகளும் வயல்களும் பெரும் சேதத்திற்கு உள்ளாயின. ஆனால், உயிரிழந்தோர் ஐம்பதுக்கும் குறைவானவர்களே. 1999இல் வந்த புயல் மேலும் வலியது என்பது உண்மைதான். ஆயினும், பத்தாயிரம் என்ற எண் ஐம்பதுக்கும் கீழே இறங்கியதைக் காற்றின் வேகத்தால் மட்டும் விளக்க முடியாது. பதினான்கு ஆண்டு ஆயத்தப் பணிகளின் பயன் அது.

பக்கத்து நாடான வங்காளதேசத்தின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1970ஆம் ஆண்டு நவம்பரில் தாக்கிய 'போலா' புயலில் குறைந்தது 300,000 பேர் இறந்தனர். அதன்பின், 1972ஆம் ஆண்டில் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் கைஒலிபெருக்கியுடன் வீடு வீடாகச் சென்று, மக்கள் பேசும் மொழியிலேயே செய்தியைச் சொல்வார்கள். ஆபத்தின் அளவுக்கேற்பக் கொடிகளையும் ஏற்றுவார்கள். எழுத்தறியாதவரும் கொடியைக் கண்டு புரிந்துகொள்ளலாம். 2007ஆம் ஆண்டு வந்த 'சித்ர்' புயலும் மிக வலிமையானது. அதில் ஏறத்தாழ 3,400 பேர் இறந்தனர். அதுவும் பெரும் துயரமே. ஆனால், 1970ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் எத்தனை உயிர்கள் காக்கப்பட்டன என்பது விளங்கும்.

தமிழ்நாட்டுத் துறைமுகங்களிலும் இத்தகைய ஒரு வழக்கம் இருக்கிறது. புயல் நெருங்கும்போது அங்கே 'புயல் எச்சரிக்கைக் கூண்டு' ஏற்றப்படும். ஒன்று முதல் பதினொன்று வரை அதற்கு எண்கள் உண்டு. எத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது என்று கேட்டவுடன், கடலுக்குப் போகலாமா கூடாதா என்பது மீனவர்களுக்குத் தெரிந்துவிடும். இங்கே எச்சரிக்கையும் அதன் பொருளும் கேட்பவரிடம் சேர்ந்தே சென்றடைகின்றன.

நாம் என்ன செய்யலாம்?

நம் வட்டாரத்தில் பெரும்புயல் அரிது. ஆனால், நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று ஆண்டுதோறும் வருகிறது. தென்சீனக் கடலில் தொலைவில் செல்லும் புயல்கூட நம் கரையோரங்களில் மழையையும் அலையையும் மிகுவிக்கலாம். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழை எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று நிறங்களில் வெளியிடுகிறது. மஞ்சள் விழிப்பாக இருக்கச் சொல்கிறது. செம்மஞ்சள் நிலைமை மோசமாவதைக் குறிக்கிறது. சிவப்பு ஆபத்தைக் குறிக்கிறது. உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு இந்த வேறுபாடு தெரியும்? பாட்டிக்கும் தாத்தாவுக்கும் அதனைத் தமிழில் எடுத்துச் சொல்ல உங்களால் முடியுமா?

எச்சரிக்கை வரும் முன்னரே செய்யவேண்டியவை சில உண்டு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்துகள், கைவிளக்கு, குடிநீர், மாற்றுடை ஆகியவற்றை ஒரு பையில் ஆயத்தமாக வைக்கலாம். அருகிலுள்ள தற்காலிக நிவாரண மையம் எது என்று அறிந்துகொள்ளலாம். நடக்க இயலாத அண்டை வீட்டாரை யார் அழைத்துச் செல்வது என்று பேசி முடிவு செய்யலாம். வெளியேறச் சொன்னால் உடனே வெளியேற வேண்டும். வெள்ளநீரில் நடப்பதையும் வாகனம் ஓட்டுவதையும் தவிர்க்கவேண்டும். உறுதிசெய்யப்படாத செய்திகளைக் கைப்பேசியில் பரப்பக் கூடாது. பொய்யான எச்சரிக்கைகள் பெருகினால், உண்மையான எச்சரிக்கையை யாரும் நம்பாமல் போவார்கள்.

புயலைத் தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. ஆனால், அது வரும் செய்தியை அறியவும் அறிந்ததைப் பிறருக்குப் புரியும்படி சொல்லவும் அவனால் முடியும். வகைப்பாடு காற்றின் வலிமையைச் சொல்கிறது. பெயர் அந்தச் செய்தியை நினைவில் நிறுத்துகிறது. இவ்விரண்டும் முரசின் ஒலி போன்றவை. அந்த ஒலியின் பொருளை உணர்ந்து, பக்கத்து வீட்டுப் பாட்டியின் கையையும் பிடித்துக்கொண்டு உரிய நேரத்தில் வெளியேறும்போதுதான் முரசு அறைந்ததன் பயன் நிறைவேறும்.

கருத்துணர் கேள்விகள்

1. சபா மாநிலத்திற்கு வழங்கும் செல்லப் பெயர் யாது? அப்பெயர் ஏற்பட்டதன் காரணம் என்ன?
2. சிங்கப்பூரையும் தீபகற்ப மலேசியாவின் தென்பகுதியையும் புயல்கள் அரிதாகவே நெருங்குவது ஏன்?
3. வாமெய் புயலை இரு நிலையங்கள் வெவ்வேறு வகையாகக் குறிப்பிட்டதற்கான இரண்டு காரணங்களை எழுதுக.
4. 'வகைப்பாடு காற்றை அளக்கிறது, நீரை அளப்பதில்லை.' இக்கூற்றைக் கட்டுரையில் உள்ள ஒரு சான்றுடன் விளக்குக.
5. ஒடிசாவில் 1999ஆம் ஆண்டுக்கும் 2013ஆம் ஆண்டுக்கும் இடையே ஏற்பட்ட மாற்றங்கள் மூன்றனைக் குறிப்பிடுக.
6. ஹையான் புயலின்போது மக்கள் எச்சரிக்கையைச் சரியாகப் புரிந்துகொள்ளாததற்கு மொழி எவ்வாறு காரணமாயிற்று? நீங்கள் அறிவிப்பாளராக இருந்திருந்தால் அந்தச் செய்தியை எவ்வாறு கூறியிருப்பீர்கள்? உங்கள் சொந்த நடையில் ஐந்து வரிகளில் எழுதுக.

குழு நடவடிக்கை

உங்கள் குடியிருப்புப் பகுதியில் வெள்ள எச்சரிக்கை வெளியிடப்பட்டுள்ளதாகக் கொள்க. அங்கு வாழும் முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் விளங்கும் எளிய தமிழில், அறுபது சொற்களுக்குள் ஓர் அறிவிப்பை ஆயத்தம் செய்து வகுப்பில் வாசித்துக் காட்டுக. கேட்டவர்கள் முதலில் என்ன செய்யவேண்டும் என்று புரிந்துகொண்டார்கள் என்பதைக் கேட்டறிக.